மணி அடிக்கும்வரை வெளியே நின்ற சிறுவன்: சாதியும் குழந்தைப்பருவ உளக்காயமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள் படித்தனர். அவர்களில் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பார்ப்பனர். அங்கே ஒரு சிறுவன் வகுப்பு தொடங்கும் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கோ அமர்ந்து படித்துக்கொண்டிருப்பான். மாலையில் மற்றவர்கள் தன்னை எட்டிப்பிடிக்கும் முன்னரே வீட்டுக்கு விரைந்துவிடுவான். யாருடனாவது நெருங்கிப் பழகினால் ஊரும் குடும்பமும் சாதியும் வெளிப்பட்டுவிடும், அதன்பின் இழிவு தொடரும் என்பதே அவனது அச்சம். விளையாட்டுத் தோழர்கள் அவனுக்கு இல்லை.

அச்சிறுவன்தான் பின்னாளில் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கியவரும், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்தவருமான இரட்டைமலை சீனிவாசன். 1939இல் வெளிவந்த தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் இந்தப் பள்ளி நாள்களை அவரே பதிவு செய்திருக்கிறார். அறுபதாண்டுகள் கழிந்த பின்னும் அந்த மணியோசை அவர் நினைவில் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பள்ளிக்கும் இதழுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ பத்தாண்டுகளை அவர் நீலகிரியில், ஐரோப்பிய நிறுவனங்களில் கணக்கராகக் கழித்தார்.

அவருக்கு நாம் எந்த நோய்ப்பெயரையும் சூட்டப்போவதில்லை. ஆனால் அந்தச் சிறுவன் செய்ததை, அதாவது எப்போதும் எச்சரிக்கையாக இருத்தல், உறவைத் தவிர்த்தல், தன்னை மறைத்தல் ஆகியவற்றை இன்றைய மருத்துவம் எவ்வாறு புரிந்துகொள்கிறது, சட்டம் அதற்கு என்ன இடம் தருகிறது, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் அது இன்று எவ்வாறு தொடர்கிறது என்பவற்றை இயக்கத் தோழர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது தேவை.

ஒரு நிகழ்வு அன்று, ஒரு சூழல்

ஒரு விபத்து, ஒரு வெள்ளம், ஒரு தாக்குதல் ஆகியவை மனத்தில் விட்டுச்செல்லும் காயத்தை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். ஆனால் தப்பிச் செல்ல வழியில்லாத ஒருவர் மீது ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழும் கொடுமை வேறுவகைக் காயத்தை உண்டாக்குகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வாதிட்டார். இதற்கெனத் தனிப் பெயர் வேண்டும் என்றும் கோரினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் பதினொன்றாம் பதிப்பு, 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது, ‘சிக்கலான உளக்காயப் பின்விளைவு நோய்’ என்பதைத் தனி நோயாக ஏற்றது.

இதன் அடையாளங்கள் இரு தொகுதிகளாகும். முதல் தொகுதி எல்லா உளக்காயங்களுக்கும் பொதுவானது: நடந்தது இப்போதே நடப்பதுபோல் மீண்டும் தோன்றுதல், அதை நினைவூட்டும் அனைத்தையும் தவிர்த்தல், ஆபத்து அருகிலேயே உள்ளது என்ற ஓயாத விழிப்பு. இரண்டாம் தொகுதிதான் சிக்கலான காயத்தைப் பிரித்துக் காட்டுகிறது: உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்குதல் அல்லது முற்றிலும் மரத்துப்போதல், ‘நான் மதிப்பற்றவள், தோற்றவள்’ என்ற ஆழ்ந்த வெட்கம், மனிதரிடம் நெருங்கி நிலைக்க இயலாமை.

இந்த இரண்டாம் தொகுதியைச் சாதியச் சமூகத்தில் வைத்துப் படிக்கும்போது ஒன்று புலப்படும். ஒரு குழந்தையிடம் ‘நீ இழிவானவள்’ என்று ஒரு கொடியவர் மட்டும் சொல்வதில்லை. தெருவும் தேநீர்க்கடையும் வகுப்பறை இருக்கையும் அதையே சொல்கின்றன. வெட்கம் அவளுக்குள் பிறந்ததன்று. வெளியிலிருந்து நாள்தோறும் ஊட்டப்பட்டது. இந்த வேறுபாட்டை உணர்வதிலிருந்தே மீட்சி தொடங்குகிறது.

கப்பலில் வந்த குழந்தைகள்

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவர்களாக்கப்பட்ட 9,75,000 மலையகத் தமிழரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் பாதிப் பாதியாகப் பிரித்தது. அவ்வாறு நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களுக்கு வேலையளிக்கும் நோக்குடன் நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவையே பின்னர் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தாயகம் திரும்பியோர் குடியிருப்புகள் எழுந்தன.

இந்த வரலாற்றைப் பெரியவர்களின் வரலாறாகவே நாம் சொல்லி வந்திருக்கிறோம். குழந்தைகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். 1973–74இல் இலங்கைத் தோட்டங்களில் பரவிய பட்டினியைக் கண்டவர்கள் அவர்கள். 1977இலும் 1983இலும் லயங்கள் எரிவதைப் பார்த்தவர்கள் அவர்களுள் உண்டு. ஒரே குடும்பத்தில் சிலர் இந்தியர், சிலர் இலங்கையர் என்று தாள்கள் பிரித்ததால் பாட்டியையோ அக்காளையோ கரையில் விட்டு வந்தவர்கள் உண்டு. இங்கே வந்தபின் ‘சிலோன்காரர்’ என்ற ஏளனமும், அதன் அடியில் பழைய சாதிப்பெயரும் காத்திருந்தன. இடைத்தரகர்களிடம் மறுவாழ்வுக் கடனைப் பறிகொடுத்துக் கொத்தடிமையில் சிக்கிய குடும்பங்களும் இருந்தன. வறுமையும் அவமதிப்பும் நிறைந்த வீட்டில் குடியும் அடியும் சேர்ந்தால், அக்குழந்தைக்கு ஓடி ஒளிய இடமேது? அன்று ஏழு, எட்டு வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள்.

எங்கள் பிழை

சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிப் பகுதியில் நாங்கள் நடத்திய சட்ட உதவி முகாமுக்கு ஐம்பது வயதைக் கடந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் வந்தார். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் அன்று வழங்கிய குடும்ப அட்டை அவரிடம் இல்லை. எப்போது வந்தீர்கள், யாருடன் வந்தீர்கள், எந்தத் தோட்டம் என்று அலுவலர் கேட்டார். நாங்களும் கேட்டோம். ஒவ்வொரு முறையும் விடை மாறியது. ஒருமுறை பாதியில் எழுந்து போய்விட்டார். உண்மையை மறைக்கிறார் என்று நாங்கள் எண்ணினோம். பிரமாணப் பத்திரம் முரணின்றி அமைய வேண்டுமே என்ற அவசரத்தில் அவரைக் கடிந்தும் பேசினோம். அதன்பின் அவர் வரவில்லை.

பல வாரங்கள் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றோம். அடுப்படியில் நின்றபடி அவர் சொன்னது ஒரு வரிதான்: “எல்லாம் கேளுங்க தம்பி, அந்த வருசத்த மட்டும் கேக்காதீங்க.”

எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. உளக்காயம் நினைவைக் கால வரிசையில் அடுக்கி வைப்பதில்லை. மணமும் ஒலியும் துல்லியமாக நிற்கும். தேதியும் வரிசையும் கலைந்து போகும். நீதிமன்றமும் வட்டாட்சியர் அலுவலகமும் கேட்பதோ தேதியையும் வரிசையையும் மட்டுமே. அவருடைய அண்ணனின் குடும்ப அட்டையைத் தேடி எடுத்து, அதைக்கொண்டே சான்றிதழ் பெற்றோம். அந்த ஆண்டில் நடந்ததை அவர் வெகுகாலத்துக்குப் பின்னர், தாமே விரும்பிய நாளில், எங்களுள் ஒரு பெண் தோழரிடம் மட்டும் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.

சட்டம் தரும் பிடிமானம்

முதலாவது, 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். இதன் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. சாதி, வர்க்கம், பாலினம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. 23ஆம் பிரிவு இரகசியக் காப்புரிமையையும், 27ஆம் பிரிவு இலவசச் சட்ட உதவியையும் தருகின்றன.

இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு நமக்கு மிக முக்கியம். ஒருவரின் சமூக, பொருளாதார நிலையை வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது அது. மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று கொள்ளலாகாது என்றும் சொல்கிறது. ‘மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், வழக்கில் என் சாட்சியம் செல்லாது’ என்ற அச்சத்தால் சிகிச்சையைத் தவிர்ப்போர் பலர். அந்த அச்சத்துக்கு இப்பிரிவே விடை.

இரண்டாவது, பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, விசாரணைக் காலத்தில் சமூகப் பொருளாதார மறுவாழ்வு ஆகியவற்றை உரிமையாக வகுத்துள்ளது. சமூகப் பணியாளர், வழக்கறிஞர் துணையைப் பெறும் உரிமையும் அதில் உண்டு. மறுவாழ்வு என்பதற்குள் உளநல உதவியையும் நாம் மனுக்களில் எழுதிக் கேட்க வேண்டும். நிவாரணத் தொகையோடு நிறுத்திக்கொள்வது நமது பழக்கமே தவிர, சட்டத்தின் எல்லை அன்று.

மூன்றாவது, கால வரம்பு. மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கால வரம்பு கிடையாது. குழந்தைப்பருவத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் பெரியவரான பின்னும் புகார் அளிக்கலாம். 2012 நவம்பருக்கு முந்தைய நிகழ்வுகளுக்குப் போக்சோ பொருந்தாது. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் பொருந்தும். புகார் அளிப்பதா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவரே தீர்மானிக்க வேண்டும். அந்த முடிவு இயக்கத்துக்கு உரியதன்று.

மீட்சியின் மூன்று படிகள்

ஹெர்மன் மீட்சியை மூன்று கட்டங்களாக வகுத்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துயருறுதல், மீண்டும் மனிதரோடு இணைதல். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பாதுகாப்பு இல்லாத நிலையில் நினைவைக் கிளறினால் காயம் ஆழமாகும். நாங்கள் செய்த பிழை அதுவே.

பாதுகாப்பு என்பதைத் தோட்டத்தில் எவ்வாறு புரிந்துகொள்வது? பணி ஓய்வு பெற்ற நாளில் லயத்தைக் காலி செய்ய வேண்டியவருக்கு, ‘நீங்கள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்று ஆலோசகர் சொன்னால் அது பொய். எனவே பட்டா, கூலி, குடியிருப்பு, குடிகாரக் கணவரிடமிருந்து காப்பாணை ஆகியவை சிகிச்சைக்குப் புறம்பானவை அல்ல. அவையே சிகிச்சையின் முதற்படி. அதே வேளையில், பட்டா கிடைத்தால் காயம் தானே ஆறிவிடும் என்று நம்மில் பலர் கருதுவதும் தவறு. நள்ளிரவில் திடுக்கிட்டு விழிக்கும் உடலுக்குப் பயிற்சி பெற்றவரின் உதவி வேண்டும். உளக்காயத்தை மையப்படுத்திய அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சை, கண் அசைவு வழிச் சிகிச்சை ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களின் உளக்காய நோய்க்குப் பரிந்துரைத்துள்ளது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையை அணுகலாம். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

இரண்டாம் படிக்கு நம்பிக்கைக்குரிய ஒருவர் வேண்டும். மூன்றாம் படிக்குக் கூட்டம் வேண்டும். சாதிப்பெயரால் வெட்கப்பட்ட ஒருவர், அதே அவமானத்தைச் சுமந்த பிறரோடு அமரும்போது ‘இது என் குறை அன்று’ என்பதைச் செவியால் கேட்கிறார். மகளிர் குழு, தொழிற்சங்கம், அம்பேத்கர் படிப்பு வட்டம் ஆகியவை இதைச் செய்ய வல்லவை. ஆனால் அங்கும் கதை சொல்லும்படி யாரையும் வற்புறுத்தலாகாது. மேடையில் ஒருவரின் காயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது, அவரைச் சான்றுப்பொருளாக்குவதேயன்றி மீட்பதன்று.

நாம் செய்ய வேண்டியவை

உண்மையறியும் குழுவாகச் செல்லும்போது ஒருவரை ஒரே முறை கேட்போம். அதை ஒருவர் பதிவு செய்ய, மற்றவர்கள் அப்பதிவையே பயன்படுத்துவோம். விடை முரண்பட்டால் பொய் என்று முடிவு கட்டுமுன், ஆவணத்தால் நிரப்ப முடிகிறதா என்று தேடுவோம். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம். களப்பணியாளராகிய நமக்குள்ளும் இதே காயம் இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, உதவி நாடுவதைப் பலவீனமாகக் கருதாதிருப்போம்.

இது பழங்கதை அன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன்படிக்கும் மாணவர்களே ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினர், தடுத்த தங்கையையும் வெட்டினர். அதன்பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. பள்ளி நல அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதை நிறைவேற்றக் கோருவது, இருபதாண்டுகளுக்குப் பிறகு வரவிருக்கும் உளக்காயங்களை இன்றே தடுப்பதாகும்.

இரட்டைமலை சீனிவாசன் தாம் மறைத்து வைத்த பெயரையே இதழின் முகப்பில் அச்சிட்டார். எல்லோராலும் அது இயலாது, இயல வேண்டும் என்பதும் இல்லை. இன்றும் எங்கோ ஒரு குழந்தை மணி அடிக்கும்வரை வெளியே நிற்கிறது. அக்குழந்தை அஞ்சாமல் உள்ளே நுழையக்கூடிய பள்ளியை அமைப்பது நம் அனைவரின் கடமை.