சிறுநீரகம் தளர்ந்தாலும் வெளியேறும் மருந்து

மழைக்காலத்தில் கூவம் பெருகினால் திருவேற்காட்டின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கும். அதில் எலி மூத்திரம் கலந்திருந்தால், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் புகுந்துவிடும். நோய் முற்றினால் கல்லீரலும் சிறுநீரகமும் அடிபடும். இங்கேதான் சிக்கல். அமாக்ஸிசிலின் போன்ற பல ஆன்டிபயாடிக்குகள் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறுகின்றன. சிறுநீரகம் தளர்ந்தால் அவை ரத்தத்திலேயே தேங்கும். அளவைக் குறைக்க வேண்டிவரும்.

எலிக்காய்ச்சலுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் டாக்ஸிசைக்ளினுக்கு இன்னொரு வழியும் உண்டு: குடல். இது கொழுப்பில் எளிதில் கரையும் மருந்து. அதனால் குடல் சுவரின் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து செல்களைக் கடந்து குடலுக்குள் கசிகிறது. ஒரு பகுதி பித்தநீரோடும் வந்து சேர்கிறது. குடலில் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிடிபட்ட மருந்து திரும்ப ரத்தத்தில் ஏறுவது கடினம். கிருமியைக் கொல்லும் வீரியமும் பெரும்பாலும் போய்விடும். பிறகு அந்த மருந்து மலத்தோடு வெளியேறிவிடுகிறது. சிறுநீரகம் கைவிட்டால் குடல் கூடுதல் பங்கை ஏற்றுக்கொள்கிறது. ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 16 முதல் 22 மணி, பெரிதாக மாறுவதில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் பொதுவாக வழக்கமான அளவே போதும். உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளில் இதை மிக அருமையானது என்பேன்.

டாக்ஸிசைக்ளினின் மருந்துக் குடும்பத்தில் முதலில் வந்தது 1948-இல் அறிவிக்கப்பட்ட ஆரியோமைசின். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் பெஞ்சமின் டக்கர் அதைக் கண்டறிந்தபோது, அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டிய பெயர்.

டாக்ஸிசைக்ளினைக் குடலில் சுண்ணாம்பும் இரும்பும் பிடித்துக்கொள்ளும் அதே பிணைப்பு, மாத்திரையை விழுங்கும்போதே நடந்தால் நமக்குத்தான் நஷ்டம். இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால், மருந்தில் கணிசமான பங்கு ரத்தத்தில் ஏறாமலே வெளியே போய்விடும். பாலும் ஓரளவு தடுக்கும். ஆகவே இவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள்; உடனே படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளின் பெற்றோரும் மருத்துவரிடம் கர்ப்பத்தையோ குழந்தையின் வயதையோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளத்தில் நடந்துவிட்டோமே என்று மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.