அருங்காட்சியகத்தில் பாடம் சொல்லும் வேலை: யாருக்கு, எங்கே, எப்படி?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலாவில் போயிருக்கிறீர்களா? வரிசையில் நின்று, முன்னால் போகிறவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அறை அறையாகச் சுற்றி, கடைசியில் திமிங்கல எலும்புக்கூடு மட்டும் மனதில் நிற்க வீடு திரும்பியிருப்பீர்கள். நானும் அப்படித்தான். புகழ்பெற்ற திருவாலங்காட்டு நடராசர் அதே வளாகத்தில்தான் இருக்கிறார் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு யாராவது ஒருவர் அந்தத் திருமேனி முன்னால் எங்களை இரண்டு நிமிடம் நிறுத்தி, "இவர் எந்தக் காலில் நிற்கிறார், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டிருந்தால் மறந்திருக்கவே மாட்டேன்.

அந்த 'யாராவது ஒருவர்' செய்வது ஒரு வேலை. சில இடங்களில் முழுநேரமாக, பல இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், கோடை விடுமுறையில் ஒரு மாதம் என்று கிடைக்கிற வேலை. பி.ஏ. வரலாறு, தொல்லியல், தமிழ், விலங்கியல், இயற்பியல் என்று படித்துவிட்டு "அடுத்து என்ன, பி.எட். சேரணுமா, குரூப் 4 எழுதணுமா?" என்று யோசிக்கும் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை. தெரிந்தவர்களில் சிலர், இது என்ன வகை வேலை என்று கேட்காமல் சேர்ந்து இரண்டு மூன்று வருடத்தை இழக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

உள்ளே என்ன வேலை?

அருங்காட்சியகம் என்றால் பழைய பொருளைப் பூட்டி வைக்கும் இடம் என்ற எண்ணம் மாறி ரொம்ப நாளாகிறது. உலக அருங்காட்சியகக் கூட்டமைப்பு 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட புதிய வரையறையில், சேகரிப்பது, பாதுகாப்பது ஆகியவற்றோடு கல்வியும் மகிழ்ச்சியும் அறிவைப் பகிர்வதும் சேர்ந்தே வருகின்றன. பொருளைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர் காப்பாட்சியர். அந்தப் பொருளை, பார்க்க வருகிறவருக்குப் புரிய வைப்பவர்தான் கல்விப் பணியாளர். வழிகாட்டி, கல்வி உதவியாளர், விளக்குநர், பயிற்றுநர் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட, செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டிய அருங்காட்சியகம் அது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேர் பேருந்திலிருந்து இறங்குகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். எல்லாவற்றையும் காட்ட முயன்றால் எதுவும் நிற்காது. அனுபவமுள்ளவர் நான்கைந்து பொருள்களைத்தான் தேர்ந்தெடுப்பார். பகடைக்காயைக் காட்டி, "நீங்க வீட்டில் தாயம் ஆடுவீங்களா?" என்று தொடங்குவார். நூல் நூற்கப் பயன்பட்ட தக்களியைக் காட்டி, போட்டிருக்கிற சட்டை எதிலிருந்து வந்தது என்று கேட்பார். பிறகு தமிழி எழுத்தில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் பொறித்த பானை ஓடுகள். அந்த இடத்தில் பெரும்பாலான புதியவர்கள் "இது கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்த எண் ஒன்றும் சொல்லாது. "உன் தண்ணி பாட்டிலில் ஏன் பேர் எழுதி வச்சிருக்கே?" என்று கேட்டால், பானையில் பெயர் எழுதியவனைப் பிள்ளை தானாகவே புரிந்துகொள்ளும். காலக்கணக்கை அதன் பிறகு சொன்னால் நிற்கும்.

நேர்காணலிலும் இதைத்தான் பார்க்கிறார்கள். ஒரு பொருளைக் கையில் கொடுத்தோ படத்தைக் காட்டியோ, "ஐந்து நிமிடம், எட்டு வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லுங்க" என்பார்கள். மதிப்பெண் பட்டியலைவிட இந்த ஐந்து நிமிடம் முக்கியமாகிவிடும் இடங்கள் உண்டு. நல்ல தமிழில், உரத்த குரலில், புத்தக நடை இல்லாமல் பேசத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு. ஆங்கிலம் கூடுதலாகத் தெரிந்தால் வெளியூர்ப் பார்வையாளர்களுக்கு உதவும். அது இல்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டியதில்லை.

பேசுவது போக மற்ற வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிகளுக்கு போன் செய்து தேதி உறுதி செய்வது, வருகைப் பதிவு, பயிற்சித்தாள் தயாரிப்பது, களிமண் பிசைவது, பிள்ளைகள் போன பிறகு மேசையைத் துடைப்பது. நாள் முழுக்க நிற்க வேண்டும். ஒரே விஷயத்தை ஒரே நாளில் ஆறு முறை, முதல் முறை சொல்வது போலவே சொல்ல வேண்டும். சனி, ஞாயிறுதான் கூட்டம், ஆகவே உங்கள் விடுமுறை வார நாளில்தான் வரும்.

எங்கே கிடைக்கும்?

மாநில அரசின் அருங்காட்சியகங்கள் துறைக்கு எழும்பூர் தலைமையிடம். 1851-இல் தொடங்கியது, கொல்கத்தாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பழமையானது. புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலி, சேலம், வேலூர், கடலூர் எனப் பல மாவட்டங்களிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. இங்கே நிரந்தரக் காப்பாட்சியர் பணி டிஎன்பிஎஸ்சி வழியாக நிரப்பப்படும். மானுடவியல், விலங்கியல், நாணயவியல் என்று பிரிவுக்கு ஏற்ற முதுகலைப் பட்டம் கேட்பார்கள். இடங்கள் குறைவு, அறிவிப்பும் அடிக்கடி வராது. ஆகவே இதையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அதே சமயம் டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் ஒருமுறைப் பதிவை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு என்பதால் அதற்கான சான்றைப் பள்ளி, கல்லூரியில் இப்போதே வாங்கி வைப்பது நல்லது. அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் கடைசி நாள் தாண்டிவிடும்.

தொல்லியலில் ஆர்வம் என்றால், மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடக்கிறது. கல்வெட்டும் அகழாய்வும் கற்றுத் தருவதோடு மாத உதவித்தொகையும் தருகிறார்கள்.

அறிவியல் பட்டதாரிகள் பெரும்பாலும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம். திருநெல்வேலியில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம் இதைச் சேர்ந்தது, பெங்களூரு விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் கீழ் வருகிறது. இங்கே 'கல்வி உதவியாளர்' என்றே ஒரு பதவி இருக்கிறது. அது நிரந்தரமானது, எழுத்துத் தேர்வு உண்டு. அது தவிர, பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லவும் அறிவியல் செயல்விளக்கம் நடத்தவும் பட்டதாரிகளை டிரெய்னியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு, மாத உதவித்தொகையுடன் அவ்வப்போது எடுக்கிறார்கள். இது நேரடி நேர்காணலாக இருக்கலாம், விளம்பரத்துக்கும் தேதிக்கும் நடுவில் அவகாசம் அதிகம் இருக்காது. அந்த மையங்களின் இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்க்கிற பழக்கம் உள்ளவருக்கே கிடைக்கும்.

அறக்கட்டளைகளும் சங்கங்களும் நடத்தும் இடங்கள் தனி வகை. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா, மதுரையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம் போன்றவை. தக்ஷிணசித்ராவில் பள்ளிக் குழந்தைகளுக்குக் கைவினைப் பட்டறைகள் வருடம் முழுக்க நடக்கும். இப்படிப்பட்ட இடங்களுக்குக் கல்லூரி மாணவர்கள் இன்டர்ன்ஷிப் கேட்டு நேரடியாகக் கடிதம் எழுதலாம். பகுதிநேர வாய்ப்பு அதிகம் உள்ளதும் இங்கேதான். பனையோலை, மண்பாண்டம், கோலம், பறை என்று ஒரு கலை கைவசம் இருந்தால் பட்டம்கூட இரண்டாம்பட்சம். ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம் பேசிக்கொள்வார்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுற்றுலா வழிகாட்டி வேலை வேறு. தொல்லியல் சின்னங்களில் வழிகாட்டியாக இருக்க உரிமம் வேண்டும், அதற்கான பயிற்சியும் தனி. அருங்காட்சியகத்துக்குள் பணியாளராகவோ பயிற்சியாளராகவோ இருக்க அது தேவையில்லை.

சேரும் முன் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்க. 'அருங்காட்சியகத்தில் வேலை' என்று சொல்லப்படுவது ஐந்து வெவ்வேறு விஷயமாக இருக்கலாம்: சம்பளமில்லாத் தன்னார்வப் பணி, இன்டர்ன்ஷிப், அமர்வுக்கு மதிப்பூதியம், மாதத் தொகுப்பூதியம், வெளிமுகமை வழியாகப் பணி. ஐந்திலும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஒரே மாதிரிதான் இருக்கும். மாதக் கடைசியில்தான் வித்தியாசம் தெரியும்.

முதல் கேள்வி: எனக்குச் சம்பளம் தருவது யார்? அருங்காட்சியகமா, நடுவில் உள்ள நிறுவனமா? வெளிமுகமை என்றால் பணி ஆணை அந்த நிறுவனத்தின் பெயரில் வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிடிக்கிறார்கள் என்றால் உங்களுக்கு யுஏஎன் எண் இருக்க வேண்டும். பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்பதை உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து நீங்களே பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

அடுத்தது, "கொஞ்ச நாள் இருங்க, பர்மனன்ட் ஆயிடும்" என்ற வாய்மொழி. நல்லெண்ணத்தில் சொல்பவர்களும் உண்டு, ஆனால் அதை நம்பி மற்ற தேர்வுகளை விடாதீர்கள். அரசு அமைப்புகளில், முறையான தேர்வு வழியாக வராத தற்காலிகப் பணியாளர் பல ஆண்டுகள் வேலை பார்த்தார் என்பதாலேயே பணி நிரந்தரம் கேட்கும் உரிமை பெறமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் உமாதேவி வழக்கில் சொல்லியிருக்கிறது. பணி ஆணையில் 'முற்றிலும் தற்காலிகமானது' என்ற வரி இருந்தால் அதற்கு அர்த்தம் அதுதான். அனுபவம் வீணாகாது. அடுத்த நேர்காணலில் பயன்படும். ஆனால் வயது வரம்பு உங்களுக்காகக் காத்திருக்காது.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் பற்றி என் கருத்து: படிக்கும் காலத்தில், ஒரு மாதம், அதிகம் போனால் இரண்டு மாதம். அதற்கு மேல் வேண்டாம். சென்னையில் தங்கி, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கைக்காசு போட்டு ஆறு மாதம் வேலை கற்க எல்லா வீட்டாலும் முடியாது. உங்கள் மாவட்டத் தலைநகரில் அரசு அருங்காட்சியகம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். கூட்டம் குறைவான இடத்தில் காப்பாட்சியரிடமே நேரில் கற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

எதுவானாலும், முடித்த நாளில் சான்று வாங்கிவிடுங்கள். 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்று மட்டும் இருந்தால் போதாது. தேதி, எத்தனை நாள், எந்த வயதுக் குழந்தைகளுக்கு என்ன நிகழ்ச்சி நடத்தினீர்கள் என்பது இருக்க வேண்டும். அதை ஸ்கேன் செய்து டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள். குழந்தைகளோடு பழகும் வேலை என்பதால் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்பார்கள். கேட்டால் சந்தேகப்பட வேண்டாம், கேட்கிற இடம்தான் சரியான இடம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

பணம் கேட்டால்

"மியூசியத்தில் டெம்பரரி போஸ்டிங், சீட் கன்ஃபார்ம், 'டெபாசிட்' மட்டும் ஜிபே பண்ணுங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், லோகோவும் கோபுர முத்திரையும் இருந்தாலும் அது மோசடிதான். தேர்வுக் கட்டணம் என்பது தேர்வாணைய இணையதளத்தில் கட்டுவது. தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் போவது கட்டணமே இல்லை. அறிவிப்பு அந்தத் துறையின் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் ஒருமுறை பாருங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆன்லைனில் புதுப்பிக்க வேண்டும். இளங்கலையை முடித்தவர்கள் பலர் பிளஸ் 2-வோடு பதிவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பட்டத்தைச் சேர்க்க போனிலேயே பத்து நிமிடம்தான்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சனிக்கிழமை எழும்பூருக்கோ உங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்கோ போய், ஏதாவது ஒரு பொருள் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். வருகிற குழந்தைகள் அதைப் பார்த்து என்ன கேட்கிறார்கள், பெற்றோர் என்ன தப்புத்தப்பாகப் பதில் சொல்கிறார்கள் என்று கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு நேர்காணலில் கை கொடுக்கும். எழும்பூரில் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீங்க.