வெள்ளி முத்து அல்ல, விஷ முத்து!

மதுரை கே.கே. நகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

குழந்தைக்குக் காய்ச்சல். அம்மா பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்து உதறுகிறாள். கை தவறுகிறது. தெர்மாமீட்டர் விழுந்து உடைகிறது. உள்ளே இருந்த பாதரசம் தரையெங்கும் சிதறி ஓடுகிறது.

அத்தனையும் உருண்டை! குட்டிக் குட்டி வெள்ளி முத்துகள்!

"அம்மா, நான் பொறுக்குகிறேன்" என்று மூத்த பிள்ளை ஓடி வருகிறான்.

பொறுக்கலாமா? கூடாது! ஏன் கூடாது என்று தெரிய வேண்டுமானால், அது ஏன் உருண்டையாயிற்று என்று முதலில் தெரிய வேண்டும்.

கைகோத்த கூட்டம்

திரவத்தில் உள்ள அணுக்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நடுவில் உள்ள அணுவுக்கு எல்லாப் பக்கமும் துணை உண்டு. ஓரத்தில் உள்ள அணுவுக்கு வெளிப்பக்கம் துணை இல்லை. ஆகவே அது உள்ளே இழுக்கப்படுகிறது.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் கூட்டம் அலைமோதும். தொலைந்துபோகாமல் இருக்க ஒரு குடும்பத்தார் கைகோத்து நிற்பார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் உள்ளே நெருக்குவார்கள். குடும்பம் முழுவதும் வட்டமாகத் திரண்டுவிடும். திரவமும் இப்படித்தான் தன் வெளிப்பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறது. எல்லா வடிவங்களிலும் வெளிப்பரப்பு மிகக் குறைந்தது உருண்டைதான்.

இந்த இழுப்புக்குப் "பரப்பு இழுவிசை" என்று பெயர். தண்ணீருக்கு உள்ளதைவிடப் பாதரசத்துக்கு இது ஆறு மடங்குக்கு மேல் அதிகம்!

விழும்போது என்ன நடக்கிறது?

தரையில் கிடக்கும் பாதரசத்தைப் பாருங்கள். கடுகளவுத் துளி உருண்டையாக நிற்கும். பெரிய துளி அப்பம் போலத் தட்டையாகிவிடும். அதன் கனமே அதைத் தரையில் அழுத்திவிடுகிறது.

அதே துளி அந்தரத்தில் விழும்போது அழுத்துவதற்குத் தரை இல்லை. அப்போது பரப்பு இழுவிசையின் கை ஓங்குகிறது. துளி உருண்டையாகத் திரள்கிறது.

இதை வைத்தே ஒருவர் தொழில் நடத்தினார்! இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த வில்லியம் வாட்ஸ் என்பவர்தான் அவர். துப்பாக்கிக்கு வேண்டிய ஈயக் குண்டுகளை அச்சில் வார்ப்பது அந்நாளில் பெரிய வேலை. வாட்ஸ் தம் வீட்டின் மேல் கோபுரம் எழுப்பினார். கீழே பள்ளமும் தோண்டினார். ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகும். உருகிய ஈயத்தை உச்சியிலிருந்து சல்லடை வழியாக ஊற்றினார். துளிகள் விழும்போதே உருண்டையாகி, இறுகத் தொடங்கி, அடியில் இருந்த தண்ணீரில் விழுந்தன. அச்சு இல்லாமலே குண்டு தயார்! 1782-ம் ஆண்டில் இதற்கு உரிமை பெற்றார். அந்தக் கோபுரம் 1968 வரை நின்றது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1828-ல் கட்டிய ஈயக் குண்டுக் கோபுரத்தின் உயரம் 234 அடி!

அழகே ஆபத்து

ஈயத் துளி இறுகிவிடும். பாதரசம் இறுகாது. தரையில் மோதியதும் நூறு துளியாகச் சிதறும். ஒவ்வொன்றும் மறுபடி உருண்டையாகும். உருண்டை என்பதால் உருண்டோடும். கட்டிலுக்கு அடியிலும், தரை வெடிப்பிலும் போய் ஒளிந்துகொள்ளும்.

ஒளிந்த இடத்தில் சும்மா இருப்பதில்லை. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. அதுதான் விஷம்! நாள்தோறும் சுவாசித்தால் நரம்பும் சிறுநீரகமும் கெடும்.

ஒரு சென்டிமீட்டர் அகல உருண்டை, ஒரு மில்லிமீட்டர் அகல உருண்டைகளாக உடைந்தால் ஆயிரம் துளிகள் ஆகும். வெளிப்பரப்பு பத்து மடங்காகும். வெளிப்பரப்பு கூடினால் ஆவியும் கூடும்.

கொடைக்கானல் கண்ட பாடம்

இது நமக்குப் புதிது அல்ல. கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது. 2001-ல் அது வெளியே தெரிந்தது. மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆலை மூடப்பட்டது. பாதரசக் கழிவு 2003-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றப்பட்டது.

பாதரசத்தால் நோயுற்றோம் என்றார்கள் தொழிலாளர்கள். அதனால் அல்ல என்றது கம்பெனி. நீண்ட போராட்டத்துக்குப் பின், 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது.

வீட்டில் உடைந்தால்?

ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது சுமார் ஒரு கிராம்தான். பதற வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றி வையுங்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும்!

விளக்குமாறு எடுக்காதீர்கள். அது துளிகளை இன்னும் உடைக்கும். கெட்டி அட்டை இரண்டு போதும். துளிகளை மெல்லத் தள்ளி ஒன்றோடொன்று சேருங்கள். தொட்டதும் இரண்டும் ஒன்றாகிவிடும். சிதறிய துளிகளை உருட்டி ஓடவிட்ட அதே பரப்பு இழுவிசை இப்போது உங்களுக்குத் துணை!

டார்ச் விளக்கைத் தரையோடு சாய்த்து அடித்தால் ஒளிந்த துளிகள் மின்னும். எல்லாவற்றையும் சீசாவில் போட்டு இறுக மூடுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள். குப்பையோடும் சேர்க்காதீர்கள். அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாக ஒப்படையுங்கள்.

பிள்ளை கேட்டால் சொல்லுங்கள்: "முத்து மாதிரி இருக்கும் கண்ணே. பார்க்கலாம், தொடக் கூடாது!"