ஒரு கால் உழைத்தால்

பல நேரம் ரப்பர் செருப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அம்பத்தூர் ஸ்டேஷனில் படியேறுகிறவரின் செருப்பு கழன்று இரண்டு படி கீழே கிடக்கும், அவருக்கே தெரிந்திருக்காது. பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்கும் வேலை ஒரு காலில் மட்டும் நடக்கவில்லை. செருப்பு கழன்றாலே பயந்துவிட வேண்டாம். நம் ஊரில் சர்க்கரையும் இடுப்பு டிஸ்க்கும்தான் அதற்குப் பழைய குற்றவாளிகள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற எம்.எஸ். நோயும் இப்படி ஒரு பக்கமாக வருவதுண்டு.

தொழிற்பேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் செய்பவருக்கு இந்த நோயை விளக்க வேண்டியதில்லை. செம்புக் கம்பி அறுந்திருக்காது, மேல்பூச்சு உரிந்திருக்கும், மோட்டார் திணறும். நரம்பின் மேல்பூச்சுக்கு மயலின் என்று பெயர். எம்.எஸ்.ஸில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் அதை அரிக்கிறது. தசை நன்றாகத்தான் இருக்கிறது. கட்டளை போய்ச் சேரவில்லை.

அப்படியானால் அந்தக் காலுக்கு எப்படி வலுவேற்றுவது? இங்கேதான் ஒரு வேடிக்கை. 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சரின் ஆய்வுக்கூடத்தில் எமிலி பிரவுன் என்பவர் ஒரு கையால் மட்டும் பிடித்து அழுத்திப் பழகினார். சும்மா இருந்த இன்னொரு கையின் பிடியும் இறுகியது! அந்தக் கையின் தசை பருக்கவில்லை. தசையை எப்படி முடுக்குவது என்பதை மூளை கற்றுக்கொண்டது; ஒரு பக்கம் கற்றதில் ஒரு பங்கு மறுபக்கத்துக்கும் கிடைத்தது.

எம்.எஸ்.ஸில் இது பலிக்குமா என்பது நியாயமான சந்தேகம். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்திலேயே அந்த நோய் அடிக்கடி கைவைக்கும். இத்தாலியின் சார்டீனியத் தீவில் எம்.எஸ். அதிகம். அங்குள்ள சஸ்ஸாரி நகரில் ஆய்வாளர் ஆந்த்ரேயா மான்கா குழுவினர் எம்.எஸ். உள்ள சிலருக்கு 6 வாரம் நல்ல காலின் கணுக்காலை மட்டும் கடுமையாகப் பயிற்றுவித்தார்கள். தளர்ந்த காலில் வலு கூடியது. சின்ன ஆய்வுதான். ஆனால் தொட்டதுமே களைத்துப்போகும் காலுக்கு இது ஒரு பின்வாசல். நேர்வாசலை மூடச் சொல்லவில்லை. முடிந்த அளவு அந்தக் காலும் உழைக்கத்தான் வேண்டும்.

எம்.எஸ். வந்தால் உடம்பை அலட்டிக்கொள்ளாதே என்பதுதான் முன்பு வழக்கமான அறிவுரை. 1996இல் பெட்டஜன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 15 வாரம் பயிற்சி கொடுத்து, உழைப்பு நன்மையே செய்கிறது என்று காட்டிய பிறகுதான் அது தளர்ந்தது. பழைய பயத்துக்கும் காரணம் இருந்தது. உழைத்தால் பார்வை மங்குவதை 1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் பதிவு செய்திருந்தார். உண்மையில் குற்றவாளி உடலின் சூடு. பூச்சு உரிந்த நரம்புக்கு அரை டிகிரி ஏறினாலே தகராறு. உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும்.

ஆவடியில் மே மாத வெயிலில் இது சின்ன விஷயமில்லை. அதனால் பயிற்சி விடியற்காலையில்தான்: மின்விசிறிக்கு நேரே நாற்காலி, கழுத்தில் ஈரத்துண்டு, நல்ல காலில் பிசியோ சொல்லிக்கொடுத்தபடி கட்டிய ரப்பர் பட்டை. இழுத்து, விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி இழுக்க வேண்டும். பக்கத்தில் அடுத்த கால் சும்மா உட்கார்ந்திருக்கும், பாடம் கேட்டபடி.