மின்சாதனமும் காந்தப் புலமும்

மின்சாரம் பாயும் கம்பியின் அருகே வைத்த திசைகாட்டி முள் தன் நிலையினின்று விலகுவதை டென்மார்க் தேசத்து விஞ்ஞானி ஆர்ஸ்டெட் 1820-இல் கண்ட நாள் முதலாக, மின்னோட்டம் உள்ள இடமெல்லாம் காந்தப் புலமும் உண்டென்பது ஐயமற விளங்கிவிட்டது. அவ்வாறாயின், மின்சாதனங்களின் நடுவே அல்லும் பகலும் வாழும் நம் சரீரத்துக்கு அப்புலத்தால் தீங்கு நேருமோ என்று, குழந்தைகளை வைத்திருக்கும் குடும்பத்தினர் விசாரப்படுவது நியாயமே.

தலைமயிர் உலர்த்தும் கருவியையே பார்ப்போம். 3 செ.மீ. தூரத்தில், சில கருவிகளில் அதன் புலம் 2,000 மைக்ரோடெஸ்லா வரை எட்டுகிறது, 30 செ.மீ. தள்ளி அளந்தால் 7 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டுவதில்லை; ஒரு மீட்டருக்கு அப்பாலோ ஒன்றுக்கும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மோட்டாரின் கம்பிச்சுருளில் ஒருபுறம் செல்லும் மின்னோட்டம் மறுபுறம் திரும்பி வருவதால், இரு பக்கத்துப் புலங்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ள, தூரம் இரட்டித்தால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகத் தேய்கிறது. 50 சுழற்சி மின்சாரத்தின் புலத்துக்குச் சர்வதேச நிபுணர் குழு 2010-இல் வகுத்த பொதுமக்கள் வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. அது உடல் முழுவதும் சீராகப் படியும் புலத்தைக் கருதி வகுத்ததாகையால், தலையின் ஒரு பக்கத்தில் சில நிமிஷங்கள் படுவதை வைத்து அச்சங்கொள்ள வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு சந்தேகம் முற்றிலும் தீரவில்லை. வீட்டில் சராசரிப் புலம் நெடுங்காலம் 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்டிருந்த குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டதால், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2002-இல் இப்புலத்தைப் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்தது; புலமே காரணம் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. எனவே பீதி வேண்டாம். ஆனால் இன்வர்ட்டர் வைத்த சுவரை ஒட்டிக் குழந்தையின் கட்டிலைப் போடாதிருப்பது செலவில்லாத முன்ஜாக்கிரதை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இன்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்பது உசிதம்.

கண்ணுக்குத் தெரியாத புலத்துக்கு அஞ்சுகிற பலர், எர்த் கம்பி அறுந்த கிரைண்டரை ஈரக் கையால் தொடத் தயங்காததே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது; உயிரைப் பறிக்கும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. மூன்று முள் பிளக்கும் சரியான எர்த்தும், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பு ஸ்விட்சும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அந்த ஸ்விட்சின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்து, அது விழாவிட்டால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியனை அழைத்துவிட வேண்டும்.