நிவாரணப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கலாமா?



பெருமழை, மண்சரிவு என்று வந்து போனால் பிறகு லயத்தில் நடக்கிற பேச்சு ஒன்றுதான். "அவங்களுக்குக் கிடைச்சிருக்கு, நமக்கு ஏன் இல்ல?" அப்படித்தான் ஒரு அம்மா எங்களிடம் வந்தார். லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த லீக்ஸ், கோவா எல்லாம் மண்ணோடு போய்விட்டது. வந்து பார்த்தார்கள், எழுதினார்கள், காசு வரவில்லை. விசாரித்த இடத்தில் "லிஸ்ட்ல பேர் இல்ல" என்று ஒரே பதில். அந்த லிஸ்டைக் காட்டுங்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், கூடப்போன எங்களுக்கும் தோன்றவில்லை.

பட்டியலைப் பார்த்து என்ன வரப்போகிறது என்பீர்கள். அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே வரட்சி என்று மாடு வளர்ப்பவர்களுக்கு 2002, 2003 இரண்டு வருடத்திலும் அரசாங்கம் 120 கோடி டொலர் கொடுத்தது. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை கணக்குகளைத் தோண்டி 2006 இல் எழுதியது: அதில் பாதிக்கு மேல், வரட்சியே இல்லாத அல்லது சுமாரான வரட்சி மட்டும் இருந்த இடங்களுக்குப் போயிருக்கிறது. ஒரு மாவட்டம் ஏதோ ஒரு காரணத்துக்காக அனர்த்தப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்டிருந்தால் போதும், அதுதான் விதி. 2003 இல் கொலம்பியா விண்கலம் உடைந்து டெக்சஸில் துண்டுகள் விழுந்தன. அதற்காக அறிவிக்கப்பட்ட இடத்து மாட்டுக்காரர்களுக்கும் வரட்சிக் காசு! வாங்கினவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, விதியை அப்படி எழுதி வைத்ததுதான் பிழை.

அங்கேயும் பேர்கள் சும்மா வெளியே வரவில்லை. விவசாய மானியம் யாருக்குப் போகிறது என்று கேட்டு அதே பத்திரிகை வழக்குப் போட்டு 1996 இல் வென்றது.

நமக்கு வழக்குத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்பவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். 1948 இல் பிரஜாவுரிமை பறிபோன நம் மக்களில் மிஞ்சியிருந்தவர்களுக்கும் 2003 சட்டத்தோடு அது கிடைத்துவிட்டது. ஆகவே "நீங்க யார் கேக்கிறதுக்கு?" என்றால் தயங்க வேண்டாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்லத் தேவையில்லை.

தோட்ட ஒபீசில் கேட்டு அலையாமல் பிரதேச செயலகத்துக்குப் போய் தகவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் அவர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். "எங்களுக்கு உதவி கிடைக்கவில்லை" என்று சொன்னால் அது முறைப்பாடு, தகவல் கோரிக்கை இல்லை. இன்ன திகதி மழைக்கு, இன்ன கிராம சேவகர் பிரிவில், யார் யாருக்கு, எந்தச் சேதத்துக்கு, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் சுற்றுநிருபத்தின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். நம் ஆட்களுக்கு முக்கியமானது இதுதான். ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தால் ஒன்றாகவா இரண்டாகவா எழுதினார்கள், உறுதி இல்லாத காணியில் போட்ட மரக்கறி சேருமா சேராதா என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும்.

14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

மற்றவர்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் தரமாட்டார்கள். அது சரிதான், நமக்கும் அது வேண்டியதில்லை. அந்தரங்க விபரம் என்று பேர்களையும் மறுத்தால், பொதுப் பணம் என்பதால் பொது நலன் பெரிது என்று மேன்முறையீட்டில் எழுதுங்கள்.

கோரிக்கை கொடுத்ததும் திகதி போட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். நாட்களை அதிலிருந்துதான் எண்ண வேண்டும்.