முதுகுக்கு ஏற்ற நாற்காலி எது?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் மெர்போக், செமெலிங், பீடோங் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுக்கு இடுப்பு வலி புதிதல்ல. விடியுமுன் நிரைக்குப் போய், தாழ்ந்த வெட்டுக்காக மரத்துக்கு மரம் குனிந்து, பிறகு தோளில் காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்தவர்கள் அவர்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் கணினி முன் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். குனிவதில்லை, சுமப்பதில்லை, அறையோ குளிரூட்டப்பட்டது. ஆனாலும் மாலையானால் பெற்றோருக்கு வலித்த அதே இடத்தில் இவர்களுக்கும் வலிக்கிறது. ஏன்?

விடையின் ஒரு பகுதி ஜெர்மனியின் ஊல்ம் நகரில் நடந்த ஒரு துணிச்சலான சோதனையில் இருக்கிறது. நம் முதுகெலும்பில் அசையும் முள்ளெலும்புகள் 24. அவற்றுக்கிடையே 23 வட்டுகள். டிஸ்க் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். வில்கே என்ற ஆய்வாளரும் குழுவினரும் 45 வயதான, நலமான ஒருவரின் கீழ்முதுகு வட்டுக்குள் மெல்லிய அழுத்தமானி ஒன்றைச் செருகி, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அளந்தார்கள். முடிவுகள் 1999இல் வெளிவந்தன.

சாதாரணமாக நிற்கும்போது வட்டுக்குள் 0.5 மெகாபாஸ்கல். கார் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்றழுத்தம் சுமார் 0.22தான், சும்மா நிற்கவே அதைவிட இருமடங்குக்கு மேல்! நின்றபடி முன்னால் குனிந்தால் 1.1. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கினால் 2.3. தோட்டத்து இடுப்புகள் தாங்கியது எவ்வளவு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இனி அலுவலகத்துக்கு வருவோம். சாய்மானம் இல்லாமல் அமர்ந்தால் 0.46. மடிக்கணினியை நோக்கிக் கூன் போட்டு முழுக்க முன்னால் வளைந்தால் 0.83. ஆனால் நாற்காலியில் அலட்சியமாகப் பின்சாய்ந்து கிடந்தால் வெறும் 0.3, அதாவது நிற்பதைவிடக் குறைவு. “ஒழுங்காக நிமிர்ந்து உட்கார்” என்று ஆசிரியர் அதட்டிய அந்தச் சாய்வில்தான் வட்டு இளைப்பாறுகிறது. சுவீடனின் நாக்கெம்சன் 1960களில் செய்த அளவீடுகள், நிற்பதைவிட உட்காருவதே வட்டுக்குக் கூடுதல் சுமை என்று காட்டியிருந்தன. ஊல்ம் சோதனை அதற்கு ஒத்துவரவில்லை. முன்னால் வளைந்தால் சுமை ஏறும் என்பதில் மட்டும் இரண்டும் ஒரே பக்கம்.

சாய்ந்தால் சுமை குறைவதற்குக் காரணம் எளிது. மேலுடம்பின் எடையில் ஒரு பங்கை நாற்காலியின் முதுகு வாங்கிக்கொள்கிறது. இடுப்பெலும்புக்கும் இதில் பங்குண்டு. தொடையும் உடலும் செங்கோணமாகும்போது தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பைப் பின்னால் இழுக்கின்றன. கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிறது. 1953இல் கீகன் என்ற அமெரிக்க மருத்துவர் இதை எக்ஸ்ரே படங்களில் காட்டினார். 2006இல் ஸ்காட்லாந்தில் 22 பேரை எம்ஆர்ஐ கருவியில் உட்கார வைத்துப் பார்த்தபோது, தொடைக்கும் உடலுக்கும் இடையே 135 பாகை இருந்த சாய்வில்தான் வட்டுகள் மிகக் குறைவாக அசைந்திருந்தன. அந்தச் சாய்வில் தட்டச்சு செய்வது கடினம். ஆனால் 100 முதல் 110 பாகை வரை எல்லாராலும் முடியும்.

ஊல்ம் சோதனையின் மிக அழகான எண் இரவில் கிடைத்தது. தன்னார்வலர் தூங்கிய ஏழு மணி நேரத்தில் அழுத்தம் 0.1இலிருந்து 0.24க்கு உயர்ந்தது. பகலில் பிழியப்பட்ட நீரை வட்டு இரவில் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் நாம் ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரமாக இருப்பது இதனால்தான். வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக்குழாய்கள் ஏறக்குறைய இல்லை; அக்கம்பக்கத்திலிருந்து ஊறிவரும் திரவமே அதன் உணவு. சுமை ஏறி இறங்குவது அந்த ஊறலுக்குத் துணை செய்கிறது. எனவே எவ்வளவு நல்ல இருக்கையானாலும், அதில் மணிக்கணக்காக அசையாமல் இருப்பது முதுகுக்கு நல்லதல்ல.

இப்போது கடைக்குப் போகலாம். இருக்கையின் உயரம் உங்கள் உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு, செருப்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் கூட. ஐந்தடிப் பெண்ணுக்கு அது 40 சென்டிமீட்டருக்குள் வரும். பல அலுவலக நாற்காலிகள் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. அப்போது பாதத்துக்கு ஒரு பலகை வேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையவேண்டும். முதுகுத் தாங்கலின் புடைப்பு இடுப்புப் பள்ளத்தில் பொருந்தவேண்டும். கைப்பிடி தோளைத் தூக்காமல் முழங்கையைத் தாங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடலோடு முன்னும் பின்னும் ஆடும் முதுகுப்பகுதி வேண்டும். புதைந்துபோகும் மெத்தை கடையில் சுகம் தரும், வீட்டில் தராது.

வீட்டிலிருந்து வேலை செய்யும் பலருக்கு ரப்பர் மரத்தில் செய்த சாப்பாட்டு மேசை நாற்காலிதான் கதி. அதன் நேரான முதுகுக்கும் உங்கள் இடுப்புக்கும் இடையே சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். மடிக்கணினியைப் புத்தகங்கள் மேல் உயர்த்தித் தனி விசைப்பலகை மாட்டினால் கூன் குறையும். அலுவலகத்தில் நாற்காலி கேட்கத் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: வேலையிட இருக்கைகளுக்கென்றே மலேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2003இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள்.

எல்லா முதுகு வலியும் ஒன்றல்ல. வட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு உட்கார்ந்தால் வலி கூடும். தண்டுவடக் குழாய் குறுகிய முதியவர்களுக்கோ முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் நிம்மதி. ஒருவர் மெச்சும் நாற்காலி இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இதுவும் காரணம். காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் என்றால் நாற்காலி தேடவேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்த அறிகுறிகள் இல்லாதவர்கள், விலைச்சீட்டைப் பார்க்குமுன் கடையிலேயே கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வாங்கிய பிறகு அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். எந்த நாற்காலியும் அந்த நடைக்கு ஈடாகாது.